மின்சார பேலட் டிரக் எரர் கோடு காட்டினால் எங்கிருந்து தொடங்குவது?

பேலட் டிரக் பாதி வழியில் நிற்கிறது, டிஸ்ப்ளேயில் ஒரு எண். புதிதாக மெயின்டனன்ஸுக்கு வந்தவர் அந்த எண்ணைப் பட்டியலில் தேடுகிறார். 'த்ராட்டில்' (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடி) என்று போட்டிருக்கிறது. புது த்ராட்டில் வரவழைத்து மாட்டுகிறார். எண் அப்படியே நிற்கிறது. அடுத்து மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் மேல் சந்தேகம் விழுகிறது. வண்டியிலேயே விலை கூடிய பொருள் அதுதான். பெரும்பாலும் குற்றமற்றதும் அதுதான்.

கன்ட்ரோலருக்குக் கண் கிடையாது. தன் பின்களில் வரும் வோல்டேஜ், தன் வழியாகப் போகும் கரன்ட், தன் உடம்புச் சூடு, இவ்வளவுதான் அதற்குத் தெரியும். 'த்ராட்டில் பழுது' என்று அது சொன்னால், த்ராட்டில் பின்னில் எதிர்பார்த்த அளவுக்குள் வோல்டேஜ் வரவில்லை என்று பொருள். காரணம் த்ராட்டிலாக இருக்கலாம். டில்லர் (வண்டியை இழுத்துத் திருப்பும் நீளக் கைப்பிடி) கழுத்தில் அறுந்த ஒயராக இருக்கலாம். கனெக்டருக்குள் பின்வாங்கிப் போன ஒரு பின்னாகவும் இருக்கலாம். எங்கே அளக்கத் தொடங்குவது என்பதைக் கோடு சொல்லும். எதை மாற்றுவது என்பதை மீட்டர்தான் சொல்ல வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை: நல்ல மல்டிமீட்டர், டிசி கரன்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டர் (இருந்தால் நல்லது), அந்த மாடலுக்கான ஒயரிங் படம், அந்த மாடலுக்கான கோடு பட்டியல். கடைசி இரண்டும் இல்லாமல் தொடங்கினால் பாதி நேரம் ஊகத்தில் போய்விடும்.

மின்சாரம் போகும் வழி

நடந்தபடி ஓட்டும் பேலட் டிரக்குகளில் பெரும்பாலானவை 24 வோல்ட். லெட் ஆசிட் என்றால் 2 வோல்ட் செல்கள் 12, அல்லது 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டு தொடராக. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் 3.2 வோல்ட் செல்கள் 8 தொடராக, அதாவது 25.6 வோல்ட். சில சிறிய லித்தியம் வண்டிகள் 48 வோல்ட்டில் வருகின்றன. பேட்டரியின் பெயர்ப்பட்டையைப் பார்த்துவிட்டு மீட்டரை எடுங்கள்.

வண்டிக்குள் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று தடித்த கேபிள் வழி: பேட்டரி, பெரிய பிளக், எமர்ஜென்சி ஸ்டாப், மெயின் ஃபியூஸ், மெயின் கான்டாக்டர் (காயிலால் மூடித் திறக்கும் பெரிய சுவிட்ச்), கன்ட்ரோலர், டிரைவ் மோட்டார். ஹைட்ராலிக் பம்ப் மோட்டாருக்கும் இதே பேட்டரியிலிருந்துதான் கிளை போகும். இன்னொன்று மெல்லிய ஒயர் வழி: சின்ன ஃபியூஸ், சாவி, டில்லர் சுவிட்ச், த்ராட்டில், வயிற்றுப் பட்டன் (டில்லர் தலையின் முனையில் இருக்கும் சிவப்பு ரிவர்ஸ் பட்டன்), பிரேக் காயில், கான்டாக்டர் காயில். தடித்த வழியில் வரும் பழுது பெரும்பாலும் லோடு ஏறும்போது தெரியும். மெல்லிய வழியில் வரும் பழுது சாவியைத் திருப்பியதுமோ, டில்லரை அசைத்ததுமோ தெரியும். எப்போது வருகிறது என்று ஓட்டுநரிடம் கேட்டாலே பாதித் திசை கிடைத்துவிடும். சரிவில் இறங்கும்போதா, காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகா, வலப்பக்கம் திருப்பும்போது மட்டுமா என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

கை வைப்பதற்கு முன்

லோடை இறக்குங்கள். சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். சாவியை எடுத்து, எமர்ஜென்சியை அழுத்தி, பேட்டரி பிளக்கைப் பிரித்துவிடுங்கள். 'வேலை நடக்கிறது' என்று அட்டை மாட்டுங்கள். பக்கத்தில் போகிறவர் நல்லெண்ணத்தில் பிளக்கைச் செருகிவிடுவது நடக்காத காரியமல்ல.

மோதிரம், உலோகக் கடிகாரப் பட்டை இரண்டையும் கழற்றிவிடுங்கள். 24 வோல்ட் ஷாக் அடிக்காது என்ற நினைப்பு சரிதான், ஆனால் பேட்டரியின் இரு முனைகளுக்கு நடுவே ஸ்பேனர் விழுந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், உலோகம் சிவக்கும். லெட் ஆசிட் சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும். அந்த நேரத்தில் பக்கத்தில் தீப்பொறி கூடாது. செல் மூடியைத் திறக்கும் வேலைக்குக் கண்ணாடியும் கையுறையும் போடுங்கள்.

பிளக்கைப் பிரித்த பிறகும் கன்ட்ரோலருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்களில் சார்ஜ் நிற்கும். கன்ட்ரோலரின் பாசிட்டிவ், நெகட்டிவ் டெர்மினல்களுக்கு நடுவே வோல்டேஜ் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். இருந்தால் ஒரு 24 வோல்ட் பல்பையோ ரெசிஸ்டரையோ வைத்து வடித்துவிடுங்கள். ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்க விடுவது பழைய ஆட்கள் சிலரின் பழக்கம். அதைக் கற்றுக்கொள்ள வேண்டாம்.

பவர் போட்டு அளக்க வேண்டிய இடங்களில் டிரைவ் சக்கரம் தரையைத் தொடாதபடி சேஸிஸை உறுதியான கட்டைகள் மேல் ஏற்றிவிடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்ப வேண்டாம். சோதனைக்காக எந்த சுவிட்சையாவது ஒயர் போட்டு இணைக்க நேர்ந்தால், சக்கரம் தூக்கியிருக்கும்போது மட்டும் செய்யுங்கள். வேலை முடிந்ததும் முதலில் அந்த ஒயரை எடுங்கள். வயிற்றுப் பட்டனை இப்படி இணைத்தோ கழற்றியோ வைத்து வண்டியை வேலைக்கு அனுப்புவது கூடவே கூடாது. ஓட்டுகிறவர் சுவருக்கும் வண்டிக்கும் நடுவே மாட்டிக்கொண்டால் அவருக்கு இருக்கும் ஒரே காப்பு அந்தப் பட்டன்.

கோடைச் சரியாகப் படிப்பது

டிஸ்ப்ளே உள்ள வண்டியில் எண் நேராகத் தெரியும். டிஸ்ப்ளே இல்லாவிட்டால் கன்ட்ரோலர் மேல் ஒரு எல்இடி மின்னும். ஒரு மின்னல், சின்ன இடைவெளி, இரண்டு மின்னல், பிறகு நீண்ட இடைவெளி என்றால் 1, 2. நீண்ட இடைவெளியிலிருந்து எண்ணத் தொடங்குங்கள், நடுவிலிருந்து எண்ணினால் 2, 1 என்று தலைகீழாகிவிடும். எண் ஒரே மாதிரி வரும்வரை சில சுற்றுகள் பாருங்கள். சில ஏசி கன்ட்ரோலர்களில் சிவப்பு, மஞ்சள் என்று இரண்டு எல்இடி இருக்கும். சிவப்பு ஒருமுறை மின்னினால் அடுத்து மஞ்சள் காட்டுவது முதல் இலக்கம், சிவப்பு இருமுறை மின்னினால் அடுத்து வருவது இரண்டாம் இலக்கம்.

இங்கேதான் பெரிய சறுக்கல் நடக்கிறது. ஒரு வண்டியின் கோடு இன்னொரு வண்டிக்குப் பொருந்தாது. ஒரே கம்பெனிக் கன்ட்ரோலராக இருந்தாலும் பொருந்தாது. பேலட் டிரக்குகளில் நிறையப் பார்க்கக் கிடைக்கும் கர்ட்டிஸ் கன்ட்ரோலர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 1212 போன்ற டிசி வகையில் 1, 2 என்று மின்னினால் த்ராட்டில் பழுது. 1232, 1234 போன்ற ஏசி வகையில் அதே 12 என்றால் கன்ட்ரோலர் வழியாக அளவுக்கு மீறிய கரன்ட் போயிருக்கிறது. முன்னது டில்லர் தலைக்கு அழைத்துப் போகும், பின்னது மோட்டார் கேபிளுக்கு. போதாததற்கு, வண்டி செய்யும் கம்பெனி தன் டிஸ்ப்ளேயில் தனக்கென்று வேறு எண்களைப் போட்டுக்கொள்வதும் உண்டு. எனவே கன்ட்ரோலரின் பெயர்ப்பட்டையில் இருக்கும் மாடல் எண்ணையும் வண்டியின் மாடல் எண்ணையும் எழுதிக்கொண்ட பிறகுதான் பட்டியலைத் திறக்க வேண்டும்.

கோடைக் குறித்துக்கொண்ட பின் சாவியை அணைத்து மறுபடி போடுங்கள். உடனே அதே கோடு வந்தால் பழுது இப்போதே இருக்கிறது, பிடிப்பது சுலபம். மறைந்துவிட்டு வேலையின்போது திரும்ப வந்தால் லூஸ் கான்டாக்ட், சூடு, பலவீனமான பேட்டரி என்ற மூன்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். கன்ட்ரோலரில் செருகிப் படிக்கும் கைக்கருவி இருந்தால் பழைய கோடுகளின் பதிவையும் படியுங்கள். வேறு வேறு பகுதிகளைச் சொல்லும் பல கோடுகள் ஒன்றாகக் கிடந்தால், ஒவ்வொன்றாகத் துரத்தாமல் எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்துக்குப் போங்கள். அது பெரும்பாலும் பேட்டரியோ, பொது நெகட்டிவ் ஒயரோதான்.

எந்தக் கோடு வந்தாலும் முதலில் பேட்டரி

வோல்டேஜ் சரிந்தால் கன்ட்ரோலர் எதை வேண்டுமானாலும் குறை சொல்லும். அதனால் கோடு என்னவாக இருந்தாலும் நான் முதலில் தொடுவது பேட்டரியைத்தான்.

சார்ஜ் முடித்துச் சில மணி நேரம் ஓய்வாக இருந்த 24 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி 25.4 முதல் 25.6 வரை காட்ட வேண்டும். 24.4 அளவில் இருந்தால் ஏறக்குறையப் பாதி. 23.6 பக்கம் வந்துவிட்டால் சார்ஜுக்குப் போடாமல் மேலே பார்ப்பதில் அர்த்தமில்லை. ஆனால் ஓய்வில் இருக்கும் வோல்டேஜ் பாதிக் கதைதான். மீட்டரை பேட்டரி முனைகளிலேயே வைத்துக்கொண்டு, ஃபோர்க்கில் லோடு வைத்துத் தூக்கச் சொல்லுங்கள். பம்ப் மோட்டார் நல்ல கரன்ட் இழுக்கும். வோல்டேஜ் கொஞ்சம் இறங்கி ஓரிடத்தில் நின்றால் சரி. 25-ல் இருந்தது சடாரென்று 20-க்கு விழுந்து, பட்டனை விட்டதும் ஒன்றுமே நடக்காதது போல மேலே வந்தால் உள்ளே ஒரு செல் போயிருக்கிறது. செல் மூடி திறக்கும் வகையென்றால், முழு சார்ஜுக்குப் பின் ஹைட்ரோமீட்டரால் ஒவ்வொன்றின் அமில அடர்த்தியையும் பாருங்கள். மற்றவை 1.28 சுற்றி நிற்க ஒன்று மட்டும் 1.20 என்று காட்டினால் தேடிய ஆள் அதுதான்.

லித்தியத்துக்கு இந்தக் கணக்கு உதவாது. அதன் வோல்டேஜ் கடைசிவரை ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும், எவ்வளவு மிச்சம் என்பதை பேட்டரிக்குள் இருந்து செல்களைக் கவனிக்கும் பிஎம்எஸ் என்ற சர்க்யூட்தான் சொல்ல வேண்டும். பிஎம்எஸ் வெளித்தொடர்பைத் துண்டித்துவிட்டால் முனைகளில் வோல்டேஜ் பூஜ்யமாகவோ, அர்த்தமில்லாத சிறு எண்ணாகவோ தெரியும். பேட்டரி செத்துவிட்டது என்று எண்ணி லெட் ஆசிட் சார்ஜரையோ ஜம்பர் கேபிளையோ மாட்டிவிடாதீர்கள். அதற்கென்றே வந்த சார்ஜரைப் போட்டால் பல பேட்டரிகள் விழித்துக்கொள்ளும். விழிக்காவிட்டால் அது பேட்டரிக்காரர் வேலை.

இன்னொன்று: வண்டி ஓடுகிறது, ஃபோர்க் மட்டும் ஏறவில்லை என்றால் பம்பைக் கழற்றுவதற்கு முன் பேட்டரி மீட்டரைப் பாருங்கள். பேட்டரி 80 சதவீதம் தீர்ந்ததும் தூக்குவதை மட்டும் நிறுத்திவைக்கும் ஏற்பாடு பல வண்டிகளில் உண்டு. சார்ஜர் ஒயர் செருகியிருந்தால் ஓட்டமே வராதபடி செய்திருப்பார்கள். இவை பழுதுகளே அல்ல.

பீப் அடித்தால் போதாது

பேட்டரி நன்றாக இருக்கிறது, ஆனால் லோடில் மட்டும் குறை வோல்டேஜ் கோடு வருகிறது. இங்கே புதியவர்கள் மீட்டரை கன்டினியூட்டியில் வைத்து கேபிளின் இரு முனையையும் தொடுவார்கள். பீப் அடிக்கும். 'கேபிள் நல்லாத்தான் இருக்கு' என்று முடிவு செய்வார்கள். அந்தப் பீப்பை நம்ப முடியாது. துருவேறிய ஒரு டெர்மினலில் 0.01 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். மீட்டர் மகிழ்ச்சியாகப் பீப் அடிக்கும். அதன் வழியாக 100 ஆம்பியர் போகும்போது அங்கே 1 வோல்ட் காணாமல் போகும், 100 வாட் சூடாக மாறும். அதே மாதிரி நான்கு இடம் இருந்தால் கன்ட்ரோலருக்குப் போய்ச் சேருவது 24-க்குப் பதில் 20.

சரியான வழி லோடு இருக்கும்போது வோல்டேஜ் இழப்பை அளப்பது. மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு முள் பேட்டரியின் ஈய முனை மேல், கிளாம்ப் மேல் அல்ல. மறுமுள் அதே முனையைப் பிடித்திருக்கும் கிளாம்ப் மேல். லோடைத் தூக்கச் சொல்லுங்கள். ஏறக்குறைய பூஜ்யம் வர வேண்டும். பிறகு பிளக்கின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம், ஃபியூஸின் இரு முனை, எமர்ஜென்சி சுவிட்சின் இரு முனை, கான்டாக்டரின் இரு முனை என்று ஒவ்வொன்றாக நகருங்கள். நெகட்டிவ் பக்கத்தையும் விடாமல் பாருங்கள், அதை மறப்பவர்கள்தான் அதிகம். பம்ப் கிளை கான்டாக்டருக்கு முன்பே பிரிந்துவிடும் வண்டிகளில் கான்டாக்டரை மட்டும் வண்டியை லோடோடு சற்றே நகர்த்திப் பார்க்க வேண்டியிருக்கும். நல்ல இணைப்பில் சில பத்து மில்லிவோல்ட் வரலாம். அரை வோல்ட், ஒரு வோல்ட் வந்தால் அங்கே நிறுத்திப் பிரித்துப் பாருங்கள்: பச்சை பூத்த செம்பு, கறுத்த பிளக் நாக்கு, தளர்ந்த நட். ஃபியூஸைப் பிடித்திருக்கும் நட் தளர்ந்து, ஃபியூஸ் சூட்டில் நிறம் மாறியிருப்பது சகஜம்.

ஒரு பழக்கத்தை இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள். வோல்டேஜ் அளக்கும்போது கறுப்பு முள் பேட்டரி நெகட்டிவில் இருக்க வேண்டும், சேஸிஸில் அல்ல. கார் போல இங்கே சேஸிஸ் நெகட்டிவாகப் பயன்படுவதில்லை. பேட்டரியிலிருந்து தனித்தே இருக்க வேண்டும். பேட்டரி முனைக்கும் சேஸிஸுக்கும் நடுவே உறுதியான வோல்டேஜ் தெரிந்தால் எங்கேயோ கசிவு இருக்கிறது. பேட்டரி மேல் படிந்த அமில ஈரம், டிசி மோட்டாருக்குள் சேர்ந்த கார்பன் தூள், உரசித் தோலுரிந்த ஒயர் ஆகிய மூன்றையும் தேடுங்கள். காரணம் புரியாமல் வந்து போகும் கோடுகளில் ஒரு பங்கு இந்தக் கசிவால் வருவது.

பழுதே இல்லாத கோடு

எச்பிடி (HPD) அல்லது 'வரிசை தவறு' என்று பட்டியலில் ஒன்று இருக்கும். கர்ட்டிஸ் டிசி வகைகளில் 3, 5. ஏசி வகைகளில் 47. த்ராட்டிலைத் திருப்பிப் பிடித்தபடி சாவியைப் போட்டாலோ, டில்லரை இறக்கும்முன் த்ராட்டிலைத் தொட்டாலோ வண்டி பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக வைத்திருக்கும் பூட்டு அது. கையை எடுத்து, சாவியைப் போட்டு, டில்லரைச் சாய்த்து, அதன் பிறகு த்ராட்டில் என்ற வரிசையில் செய்தால் மறைந்துவிடும். அவசரக்கார ஓட்டுநர் உள்ள ஷிஃப்டில் இந்தக் கோடு அடிக்கடி வரும்.

வரிசை சரியாக இருந்தும் வந்தால், த்ராட்டில் நடுநிலைக்குத் திரும்பவில்லை, அல்லது டில்லர் சுவிட்ச் எப்போதுமே 'இறங்கியிருக்கிறது' என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. டில்லர் நேராக நிற்கும்போதும் தரையோடு சாய்ந்திருக்கும்போதும் பிரேக் பிடிக்க வேண்டும், நடுவில் மட்டும் ஓட வேண்டும். கன்ட்ரோலரின் இன்டர்லாக் பின்னில் (டில்லர் சுவிட்சின் ஒயர் வந்து சேரும் இடம்) மீட்டரை வைத்துக்கொண்டு டில்லரை மெதுவாக மேலும் கீழும் ஆட்டுங்கள். வோல்டேஜ் ஒரு தெளிவான இடத்தில் மாற வேண்டும். மாறவே இல்லையென்றால் சுவிட்ச், அல்லது அதைத் தள்ளும் கேம். சுவிட்ச் நன்றாக இருந்து கேம் தேய்ந்திருப்பதும் உண்டு, அதை மீட்டர் காட்டாது. கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

த்ராட்டிலும் டில்லர் கழுத்தும்

ஒரு நாளில் டில்லர் எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அதற்குள் போகும் ஒயர்க்கட்டு அதே இடத்தில் மடங்குகிறது. டில்லரின் அடிமூட்டில், மேலே ரப்பர் உறை முழுதாக இருக்க, உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துபோகும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு ஒயராக விரலால் பிடித்து லேசாக இழுத்துக்கொண்டே வாருங்கள். நல்ல ஒயர் விறைப்பாக இருக்கும். உள்ளே அறுந்த இடத்தில் உறை மட்டும் ரப்பர் போல நீளும், அந்த இடத்தில் விரலுக்கு மெதுமெதுவென்று பள்ளம் தட்டும். இந்தப் பழுதைத் தேட இதைவிட வேகமான வழி எனக்குத் தெரியாது.

த்ராட்டில் மூன்று ஒயர் பொட்டென்ஷியோமீட்டர் வகையென்றால், கனெக்டரைப் பிரித்து வெளி முனைகள் இரண்டுக்கும் நடுவே அளங்கள். 5 கிலோ ஓம் வகை பரவலானது, உங்களுடையது என்னவென்று படத்தில் இருக்கும். பிறகு நடு முனைக்கு மாறி, த்ராட்டிலை மிக மெதுவாகத் திருப்புங்கள். எண் சீராக ஏற வேண்டும். ஓரிடத்தில் துள்ளினால் அந்த இடத்தில் தடம் தேய்ந்துவிட்டது. டிஜிட்டல் மீட்டர் இந்தத் துள்ளலைப் பல நேரம் தவறவிடும். பழைய முள் மீட்டர் ஒன்று மூலையில் கிடந்தால் இதற்கு அதுதான் சிறந்தது.

காந்தத்தை உணரும் ஹால் சென்சார் வகையை ஓமில் அளக்கக் கூடாது. பவர் போட்டு, முதலில் சென்சாருக்கு ஊட்டும் வோல்டேஜ் வருகிறதா பாருங்கள், பெரும்பாலும் 5 வோல்ட். அது வராமல் சென்சாரை மாற்றிப் பயனில்லை. வந்தால் சிக்னல் ஒயரில் அளந்துகொண்டே முன்னும் பின்னும் திருப்புங்கள். நடுநிலையில் ஊட்டும் வோல்டேஜில் பாதிக்குப் பக்கமாக நின்று, ஒருபக்கம் ஏறி மறுபக்கம் இறங்குவது வழக்கமான அமைப்பு.

கோடு 'சிக்னல் அதிகம்', 'சிக்னல் குறைவு' என்று பிரித்துச் சொன்னால் (கர்ட்டிஸ் ஏசியில் 41, 42) அதில் ஒரு துப்பு இருக்கிறது. பொட்டென்ஷியோமீட்டரின் நெகட்டிவ் ஒயர் அறுந்தால் நடு முனை வோல்டேஜ் முழுக்க மேலே ஏறிவிடும். ஊட்டும் ஒயரோ சிக்னல் ஒயரோ அறுந்தால் கீழே விழும். இதை வைத்து எந்த ஒயரை முதலில் தேடுவது என்று முடிவு செய்யலாம்.

ஒயரை அசைத்துப் பார்க்கும் சோதனையை எப்போதும் மீட்டர் மாட்டிய நிலையில் செய்யுங்கள். கோடு மறைகிறதா என்று மட்டும் பார்த்தால், நீங்கள் தொட்ட கடைசி ஒயர்தான் குற்றவாளி என்று நினைத்துவிடுவீர்கள்.

பிரேக்

மின்காந்த பிரேக் ஸ்பிரிங்கால் பிடிக்கும், மின்சாரத்தால் விடும். பவர் போனால் வண்டி நிற்க வேண்டும் என்பதற்காக அப்படி. சக்கரத்தைத் தூக்கி வைத்து டில்லரைச் சாய்த்து த்ராட்டிலைத் தொட்டால் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும்.

கேட்கவில்லையென்றால் பவரை எடுத்து, கனெக்டரைப் பிரித்து காயிலை ஓமில் அளங்கள். எவ்வளவு வர வேண்டும் என்பதை பிரேக்கின் பெயர்ப்பட்டையிலிருந்தே கணக்கிடலாம். வோல்டேஜை அதாலேயே பெருக்கி வாட்டால் வகுத்தால் ஓம். 24 வோல்ட், 20 வாட் என்றால் 576-ஐ 20-ஆல் வகுக்க 28.8 ஓம். முடிவிலி காட்டினால் காயில் அறுந்துவிட்டது, மிகக் குறைவாகக் காட்டினால் உள்ளே ஷார்ட். ஷார்ட் ஆன காயிலைக் கண்டுபிடிக்காமல் புதுக் கன்ட்ரோலர் மாட்டினால் அதற்குள் பிரேக்கை இயக்கும் சர்க்யூட்டும் போகலாம். காயிலில் ஓடும்போது 24-க்குக் குறைவாக வோல்டேஜ் தெரிந்தால் பதற வேண்டாம். முதலில் முழு வோல்டேஜில் இழுத்துவிட்டு, பிறகு குறைத்துப் பிடித்துவைக்கும் கன்ட்ரோலர்கள் பல.

காயில் நல்லது, 'டக்' சத்தமும் கேட்கிறது, ஆனாலும் மோட்டார் கரன்ட் கோடோ சூடு கோடோ வருகிறது என்றால் பிரேக் முழுதாக விடாமல் உரசிக்கொண்டிருக்கலாம். தட்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து, கம்பெனி சொன்ன அளவோடு ஒப்பிடுங்கள்.

கான்டாக்டர், ப்ரீசார்ஜ்

சாவியைப் போட்டதும் கன்ட்ரோலர் முதலில் தன் கெப்பாசிட்டர்களை ஒரு ரெசிஸ்டர் வழியாக மெதுவாக நிரப்பிக்கொள்ளும், அதன் பிறகுதான் கான்டாக்டரை மூடும். நேரடியாக மூடினால் பெரிய கரன்ட் பாய்ந்து கான்டாக்டர் முனைகள் ஒட்டிப் போகும். ப்ரீசார்ஜ் கோடு வந்தால் ஒன்று சாவி வழியாக வரும் ஊட்டம் பலவீனம், இல்லையென்றால் கான்டாக்டருக்குப் பின்னால் யாரோ ஒரு ஹாரனையோ விளக்கையோ புதிதாக மாட்டி, நிரப்புவதையெல்லாம் அது குடித்துக்கொண்டிருக்கிறது. பின்னால் சேர்த்த ஒயர் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கான்டாக்டர் ஒட்டிவிட்டது என்ற கோடு (கர்ட்டிஸ் ஏசியில் 38) வந்தால் பிளக்கைப் பிரித்து, கெப்பாசிட்டரை வடித்து, பெரிய முனைகள் இரண்டுக்கும் நடுவே ஓம் பாருங்கள். திறந்திருக்க வேண்டும். மூடவில்லை என்ற கோடு (39) வந்தால் காயிலுக்கு வோல்டேஜ் வருகிறதா, முனைகள் கருகியிருக்கின்றனவா என்று பாருங்கள். வெள்ளிக் கலவை முனைகள் லேசாகக் கறுத்திருப்பது இயல்பு. அவற்றை அரத்தால் தேய்க்காதீர்கள், குழி விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

அதிக வோல்டேஜ், அதிகச் சூடு

24 வோல்ட் பேட்டரியில் ஓடும் வண்டி அதிக வோல்டேஜ் என்று புகார் சொல்வது புதியவர்களுக்குப் புதிராக இருக்கும். சரிவில் இறங்கும்போதோ த்ராட்டிலை விடும்போதோ மோட்டார் ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தை பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். பிளக்கோ டெர்மினலோ தளர்ந்திருந்தால் அந்த மின்சாரத்துக்குப் போக இடமில்லை, கன்ட்ரோலரில் வோல்டேஜ் எகிறும். அதனால் இந்தக் கோட்டுக்கும் மருந்து மேலே சொன்ன வோல்டேஜ் இழப்புச் சோதனைதான். லித்தியத்தில் பேட்டரி முழுதாக நிரம்பியிருக்கும்போது பிஎம்எஸ் மறுப்பதாலும் இது வரலாம்.

சூடு கோடுக்குக் கன்ட்ரோலரை மாற்றுவதற்கு முன் சக்கரத்தைப் பாருங்கள். பேலட் சுற்றும் பிளாஸ்டிக் ஃபிலிம் அச்சில் சுற்றிக்கொண்டு இறுகியிருக்கும். கத்தியால் வெட்டியெடுத்தால் கோடும் போய்விடும். அடுத்து பிரேக் உரசல், அளவுக்கு மீறிய லோடு, நீண்ட சரிவு. கன்ட்ரோலரைக் கழற்றி மாட்டிய பிறகு சூடு கோடு தொடங்கியதென்றால் அடியில் தெர்மல் பேஸ்ட் தடவாமல் விட்டிருப்பார்கள், அல்லது போல்ட் தளர்வாக இருக்கும்.

மோட்டாரும் கடைசியாகக் கன்ட்ரோலரும்

டிசி மோட்டாரில் பிரஷ் நீளம், கம்யூட்டேட்டரின் நிறம், கார்பன் தூள் ஆகியவற்றைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஏசி மோட்டாரில் அதிகம் தொல்லை தருவது, அது சுற்றும் வேகத்தைக் கன்ட்ரோலருக்குச் சொல்லும் என்கோடர். வண்டி உதறினாலோ, தவழ்ந்தாலோ, கர்ட்டிஸ் ஏசியில் 36 வந்தாலோ என்கோடருக்கு ஊட்டும் வோல்டேஜையும் மோட்டார் பக்கக் கனெக்டரையும் பாருங்கள். மோட்டார் முனைக்கும் அதன் உடம்புக்கும் நடுவே மெகாஓம் கணக்கில் இருக்க வேண்டும்.

கன்ட்ரோலரைக் குற்றம் சாட்டும்முன் ஒரு சின்னச் சோதனை. பிளக் பிரித்து, கெப்பாசிட்டர் வடித்து, மோட்டார் கேபிள்களைக் கழற்றுங்கள். மீட்டரை டயோடு நிலையில் வைத்து, சிவப்பு முள்ளைக் கன்ட்ரோலரின் நெகட்டிவிலும் கறுப்பை ஒவ்வொரு மோட்டார் முனையிலும் வையுங்கள். எல்லா முனையும் ஒரே மாதிரி சிறிய வோல்டேஜ் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் பூஜ்யம் காட்டினால் உள்ளே மாஸ்ஃபெட் (மோட்டார் கரன்ட்டைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர்) ஷார்ட். மெமரிப் பழுது சொல்லும் கோடுகளுக்கு கைக்கருவி வேண்டும், அதை சர்வீஸ்காரரிடம் விட்டுவிடுங்கள். புதுக் கன்ட்ரோலருக்கும் அந்த வண்டிக்கான அளவுகளை ஏற்ற வேண்டியிருக்கும். அப்படியே மாட்டினால் வேகமும் பிரேக்கும் வேறாக இருக்கும்.

வண்டியைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்

போட்ட ஜம்பர்கள் எல்லாம் எடுத்தாயிற்றா என்று பாருங்கள். சக்கரம் தூக்கிய நிலையிலேயே முன், பின், டில்லர் நேர், டில்லர் கீழ், எமர்ஜென்சி எல்லாவற்றையும் சோதியுங்கள். பிறகு தரையில் இறக்கி, காலியான இடத்தில் மெதுவான வேகத்தில் வயிற்றுப் பட்டனை அழுத்திப் பாருங்கள். வண்டி உடனே உங்களைவிட்டு விலகிப் போக வேண்டும். லோடோடு ஒரு சுற்று, சரிவு இருந்தால் சரிவிலும் ஒரு சுற்று. கோடுப் பதிவை அழித்துவிட்டு, தேதி, கோடு, எந்த இடத்தில் எத்தனை வோல்ட் அளந்தீர்கள், எதைச் சரிசெய்தீர்கள் என்று வண்டியின் நோட்டில் எழுதிவையுங்கள். அடுத்த ஷிஃப்ட்காரர் அதே எண்ணைப் பார்த்துப் புதிதாகத் த்ராட்டில் ஆர்டர் போடாமல் இருப்பார்.